திரும்பும் இடத்தில் தட்டுகிறது

மரவேலை இயந்திரங்களில் ஸ்க்ரோல் ஸா ஒரு சாது. வட்ட ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. இழைப்பு மெஷினைப் போட்டால் தெருமுனை வரை தெரியும். ஸ்க்ரோல் ஸாவை அடுக்குமாடி வீட்டு பால்கனியில் வைத்து இரவு எட்டு மணிக்கும் ஓட்டலாம், யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட வராத பிளேடு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும். பலகையை நாம் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் எந்த நெளிவையும் அறுத்துத் தந்துவிடும். பெயர்ப்பலகை எழுத்துகள், பூஜையறைக் கதவுக்கு ஜாலி, குழந்தைகளுக்குத் துண்டுப்படப் புதிர் என்று அதன் வேலைகள் எல்லாமே சிறியவை, பொறுமை கேட்பவை. அதை வாங்குகிறவர்களும் பொறுமைசாலிகளாகத்தான் இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நான் பார்த்தவரை அதற்கு ஆதாரம் குறைவு.

சாது என்பதால்தான் அதிலிருந்து புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால் மனம் பதறுகிறது. வட்ட ரம்பத்தில் பேரிங் தேய்ந்தால் அந்த இரைச்சலுக்குள்ளேயே அது கரைந்துபோகும். சூடேறி நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். ஸ்க்ரோல் ஸாவில் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்தால்கூடக் காதுக்கு எட்டிவிடும். ஆனால் காதுக்கு எட்டிய அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் ஆள் ஆளுக்குத் தடுமாறுகிறோம். முதலில் எண்ணெய் விடுகிறோம். பிறகு கண்ணில் படும் திருகுகளையெல்லாம் முறுக்குகிறோம். இரண்டுக்கும் மசியாவிட்டால் மெஷினைத் திட்டுகிறோம்.

என் மெஷின் நடு வேகத்தில் ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கியது. கைமாறி வந்த மெஷின். இறக்குமதியானது, உள்ளூரில் அதற்கென்று மெக்கானிக் கிடையாது. இதற்கு யாரிடம் போவது என்று யோசித்தால் திருப்பூர்க்காரருக்கு ஒரு வழி தானாகவே தோன்றும்: தையல் மெஷின் மெக்கானிக். பனியன் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின்கள் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போடுபவை. ஊசித்தண்டு அத்தனை முறை கீழே இறங்கி, அத்தனை முறை மேலே ஏறுகிறது. இப்படிப் போய்வருகிற பொருளின் சத்தத்தைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஸ்க்ரோல் ஸாவும் அந்த வம்சம்தான். மோட்டார் வருவதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் கம்பெனியார் செய்த ஸ்க்ரோல் ஸாவும், பிறகு இங்கிலாந்தின் டெரெஹாமில் ஹாபீஸ் கம்பெனியார் செய்ததும் காலால் மிதித்து ஓட்டப்பட்டவை. மிதிபலகை, பெரிய சக்கரம், வார். பலகை துள்ளாமல் அழுத்திப் பிடிக்கும் பாதம்கூடத் தையல் மெஷினில் இருக்கிற மாதிரியே.

அப்படி ஒருவரிடம் போனேன். அறுபதைத் தாண்டிய அந்த மெக்கானிக் மெஷினைத் தொடுவதற்கு முன்பு கேட்டது ஒரே கேள்வி.

“எப்ப இருந்துங்க தம்பி?”

“போன வாரத்துல இருந்துங்ண்ணா.”

“அது நீங்க கேட்ட நாளுங்க. அது தட்ட ஆரம்பிச்ச நாள் வேறயா இருக்கும்.”

இதை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தினமும் புழங்குகிறவனின் காது, சத்தம் மெல்ல மெல்ல வளரும்போது அதோடு சேர்ந்து தானும் பழகிவிடுகிறது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிதான் “உங்க ஃபேன் என்ன இப்படிக் கத்துது?” என்று கேட்பார். நமக்கு அப்போதுதான் அது ஃபேன் என்பதே நினைவுக்கு வரும். சத்தம் ஏதோ ஒரு நாளில் பிறந்ததாக நாம் சொல்லும் தேதியெல்லாம் நம் கவனம் விழித்த தேதி. மெக்கானிக்குகளுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்பது, அந்தத் தேதியை ஒட்டி வேறு ஏதாவது மாறியதா என்று பார்ப்பதற்கு. புது பிளேடு போட்டீர்களா, மேஜையை நகர்த்தினீர்களா, கனமான பலகை அறுத்தீர்களா.

ஸ்க்ரோல் ஸாவின் உள்ளே நடப்பது சிக்கலான காரியம் அல்ல. மோட்டார் சுற்றுகிறது. அதன் ஷாஃப்ட்டில் மையத்தை விட்டு விலக்கி ஒரு முளை பொருத்தியிருக்கும். முளையிலிருந்து கிளம்பும் இணைப்புத் தண்டு ஒரு நீண்ட கையைத் தூக்கி இறக்குகிறது. சுழற்சி ஏற்ற இறக்கமாகிவிடுகிறது. பெரும்பாலான மெஷின்களில் பிளேடு போய்வரும் தூரம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நிமிடத்துக்கு 400 ஸ்ட்ரோக்கில் தொடங்கி 1,750 வரைக்கும் போகலாம்.

சுற்றுகிற மெஷினுக்கும் போய்வருகிற மெஷினுக்கும் குணத்திலேயே வேறுபாடு உண்டு. ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும் ரம்பத்தில் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருந்தாலும், சுமை ஒரே பக்கமாக இழுப்பதால் அந்தத் தளர்வும் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். வெளியே தெரியாது. போய்வருகிற மெஷினுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் இரண்டு முறை அது நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். தலை ஆடுகிற சுத்தியல் ஒன்றைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். வீசும்போது சத்தம் இல்லை. திரும்புவதற்காகக் கை வேகத்தைக் குறைக்கிறதே, அப்போது பிடி நிற்கப் பார்க்கிறது, இரும்புத் தலை போன வேகத்திலேயே போய் மறுபக்கச் சுவரில் இடிக்கிறது. ‘டக்’. ஸ்க்ரோல் ஸாவின் தட்டலும் இதேதான். எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறதோ அந்த மூட்டு, திரும்பும் வேளையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இது முதலில் நம்பும்படியாக இல்லை. 19 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 400 முறை போய்வந்தால், திரும்பும் முனையில் பிளேடு பிடிப்பானின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்கு அருகில் வரும். 1,750இல் அது 32 மடங்கைத் தாண்டிவிடும். வேகம் நாலு மடங்கும் சொச்சமும் கூடியிருக்கிறது. மூட்டுகள் தாங்கவேண்டிய விசை 19 மடங்கு கூடிவிட்டது. சும்மா மேஜைமேல் நின்றுகொண்டிருக்கிற ஒரு மெஷினுக்குள், பிளேடு பிடிப்பானின் சிறு ஸ்க்ரூ ஒவ்வொன்றும் தன் எடையைப் போல் முப்பது பங்கு எடையை விநாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றிச் சுமக்கிறது. அது தட்டாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

இதிலிருந்து ஒரு தொல்லையும் கிளைக்கிறது. சத்தத்தை ஆராய வேண்டும் என்றால் எண்ண முடிய வேண்டும். ஸ்ட்ரோக்குக்கு இரண்டு தட்டல் என்றால் மூட்டில் ஆட்டம் என்று சந்தேகப்படலாம். ஒரே தட்டல் என்றால் ஏதோ ஒன்று ஒரு முனையில் மட்டும் போய் இடிக்கிறது: தூசு ஊதும் குழாய் கையில் உரசலாம், துருத்தி அடிவாங்கலாம், உடைந்து விழுந்த பிளேடுத் துண்டு உள்ளே சிக்கியிருக்கலாம். ஆனால் 1,750இல் விநாடிக்கு 29 ஸ்ட்ரோக். இருபதைத் தாண்டியதுமே தனித்தனித் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ர்ர்ர்’ என்ற ஒரே முழக்கமாகிவிடுகின்றன. எண்ணுவதற்கு வழியில்லை. வேகத்தை 400க்கு இறக்கினால் விநாடிக்கு ஆறு ஏழுதான், எண்ணிவிடலாம். ஆனால் விசை இறங்கிவிட்டதால் தட்டுவதே நின்றுபோகும். எண்ணக்கூடிய வேகத்தில் தட்டவில்லை, தட்டுகிற வேகத்தில் எண்ண முடியவில்லை. நடுவே எங்கோ ஒரு குறுகிய இடுக்கு இருக்கிறது, இரண்டும் பாதிப் பாதியாகக் கிடைக்கும் இடம். வேகம் மாற்றும் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதைத் தேட வேண்டும்.

தேடும்போதே இன்னொன்றும் புலப்படும். சில சத்தங்கள் 900இல் தோன்றி 1,000இல் மறைந்துவிடும். அது தேய்மானம் இல்லை. தேய்மானம் வேகத்தோடு சேர்ந்து கூடுமே தவிர இப்படிக் கண்ணாமூச்சி ஆடாது. மெஷினின் ஸ்டாண்டோ, மேஜையோ, மேஜைமேல் இருக்கும் எதுவோ அந்த ஒரு அதிர்வெண்ணுக்கு ஒத்து ஊதுகிறது என்று பொருள். என் பட்டறையில் அப்படி ஒத்து ஊதிக்கொண்டிருந்தது ஆணி போட்டுவைத்த ஒரு பிஸ்கட் டின். அதை எடுத்துத் தரையில் வைத்ததும் பாதிச் சத்தம் போயிற்று. மீதிப் பாதிதான் நோய்.

காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘ஏதோ மாறிவிட்டது’ என்று அறிவதில் காதை மிஞ்ச ஒரு கருவி இல்லை. ‘எங்கே’ என்ற கேள்வியில் அதே காது நம்மைத் தாராளமாக ஏமாற்றும். ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் பெரும்பாலும் திசையை ஊகிக்கிறோம். அந்த வித்தியாசம் எவ்வளவு போனாலும் ஒரு மில்லிவிநாடியைத் தொடாது. எஃகுக்குள் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 5,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, காற்றில் 340 மீட்டர்தான். அரை மீட்டர் நீள மெஷினின் பின்மூட்டில் எழுந்த ஒரு தட்டல், காற்றில் நம்மை வந்தடைவதற்கு முன்பே மெஷின் முழுக்கப் பரவிவிடும். பிறகு எந்தப் பாகம் மெல்லிய தகடோ அது மேளம் ஆகும். தேய்ந்தது பின்னால் இருக்கும் பேரிங்; கத்துவது முன்னால் இருக்கும் தகட்டு மூடி. மெக்கானிக் இதை வேறு மாதிரிச் சொன்னார்: “சத்தம் வர்ற எடம் வேறங்க, கெட்டுப்போன எடம் வேறங்க. சத்தம் வர்ற எடத்தப் பிரிச்சுப் போட்டுட்டு ஒண்ணையும் காணம்னு உக்காந்திருக்கிறவங்க ஏகப்பட்ட பேருங்க.”

அவர் கையில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். பிளேடில் எங்கும் படாமல், ஓடும் பாகங்களையும் தொடாமல், ஓடாத உடம்பில் மட்டும் முனையை வைத்து, மரக் கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டார். காற்றை விலக்கிவிட்டு இரும்போடு நேரடியாகப் பேசுகிற ஏற்பாடு. இது இன்று நேற்று வந்ததல்ல. ஒரு பொருளின் உள்ளே நடப்பதை அது எழுப்பும் ஓசையை வைத்து அறிந்துவிட முடியும் என்று ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுதியிருக்கிறார். கடிகாரத்தின் உள்ளசைவும் மனிதனின் இதயத் துடிப்பும் அவருக்கு ஒரே வரிசையில் வரும் உதாரணங்கள். அவர் இறந்த பிறகு 1705இல் வெளியான தொகுப்பில் அது இருக்கிறது. நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 1816இல், பாரிஸில் லெனக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பிறகு மரத்தில் குழாய் செய்துகொண்டார், கடைசல் இயந்திரத்தில் தானே கடைந்து. மருத்துவ வரலாற்றில் இந்தக் கடைசல் விவரத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. மரவேலைக்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. பலகையை அழுத்தும் பாதத்தை மேலே தூக்கிக் கட்டிவிடுவது. மேஜைத் துளையில் இருக்கும் சிறு தட்டு ஆடுகிறதா என்று பார்ப்பது. பிளேடு பிடிப்பான்களின் திருகு முனை மழுங்கியிருக்கிறதா. மெஷினை மேஜையோடு இறுக்கியிருக்கும் போல்ட். இவற்றில் ஏதோ ஒன்றிலேயே முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதால் இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால் சத்தம் நிற்கும், காரணம் தெரியாமல் போகும். அது திரும்பி வரும்போது நாம் ஆரம்பித்த இடத்திலேயே நிற்போம்.

சில்லறை வேலைகளில் ஒன்று மட்டும் சில்லறை அல்ல. பிளேடின் இழுவிசை. பிளேடை விரலால் சுண்டினால் தந்தி ஓசை வரும். இழுவிசை கூடினால் சுருதி ஏறும். ஆனால் ஒரு ஸ்தாயி ஏறுவதற்கு இழுவிசை நாலு மடங்காக வேண்டும், பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் தந்திகளுக்கு எழுதிவைத்த கணக்கு அது. பழகியவர்கள் சுண்டிப் பார்த்தே போதுமா என்று சொல்லிவிடுவார்கள். தளர்ந்த பிளேடு நேராக அறுக்காது, தட்டவும் செய்யும். ஆகவே தட்டினால் இழுவிசையைக் கூட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூட்டினேன். சத்தம் நின்றது. மெக்கானிக் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை.

காரணம் இந்த மெஷினின் வடிவத்தில் இருக்கிறது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, பின்னால் இரண்டையும் இணைக்கும் தண்டு, முன்னால் பிளேடு. நான்கும் சேர்ந்து ஓர் இணைகரம். அதாவது மெஷினின் நான்கு பக்கங்களில் ஒரு பக்கம், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்த எஃகு இழைதான். அதனால்தான் பிளேடு இல்லாமல் இந்த வகை மெஷினை மோட்டாரில் ஓட்டக் கூடாது. மேல்கை தறிகெட்டு ஆடும். பிளேடை இழுத்துக் கட்டும்போது நாம் பிளேடை மட்டும் இழுக்கவில்லை, இரண்டு கைகளின் மூட்டுகளையும் ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தி வைக்கிறோம். அங்கே இருக்கும் ஆட்டம் மூடிக்கொள்கிறது. சத்தம் நின்றது ஆட்டம் போனதால் அல்ல, ஆட்டம் ஒளிந்துகொண்டதால். அறுக்க அறுக்க பிளேடு சூடாகி நீண்டு தளரும்போது மறுபடியும் வெளியே வரும். அதற்குள் கூடுதல் இழுவிசையில் மூட்டு இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். நின்றுபோன சத்தத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது அந்த மனிதரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். கொஞ்சம் கொடூரமான பாடம்தான். நிம்மதியாக இருக்க விடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றிவிட்டு, மேல்கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டினார். பிறகு மோட்டாரின் ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றினார். மேல் முனை வந்ததும் ஷாஃப்ட் சிறிது திரும்பியது, கை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அதுவும் கிளம்பியது. கீழ் முனையிலும் அப்படியே. “பாத்தீங்ளா? இந்த எடந்தானுங்க.” விரல் நுனியால் உணர முடிந்தது. எவ்வளவு இருக்கும்? தாளின் தடிமன் இருந்தாலே அதிகம்.

இணைப்பு மூட்டின் புஷ் தேய்ந்திருந்தது. இந்த மூட்டுகள் தேய்வதில் ஒரு விநோதம் இருக்கிறது. இவை முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை, சில டிகிரி மட்டும் ஆடுகின்றன. நன்றாகச் சுற்றுகிற பேரிங் தன் எண்ணெயைத் தானே இழுத்துப் பரப்பிக்கொள்ளும். சில டிகிரி ஆடுகிற மூட்டோ, தொடும் இடத்திலிருந்து எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டு அதைத் திரும்ப உள்ளே கொண்டுவராது. அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத அந்தக் கார்களின் சக்கர பேரிங்குகளில் உருளைகள் பதிந்த தழும்புகள் காணப்பட்டன. ரயிலின் அதிர்வில் நின்ற இடத்திலேயே ஆடிய ஆட்டம் அந்த வேலையைச் செய்திருந்தது. அதிகம் ஓடினால்தான் தேயும் என்று நினைப்போம். கொஞ்சமாக, ஒரே இடத்தில், ஓயாமல் ஆடுவதும் தேய்க்கும்.

இதற்காகவே பல ஸ்க்ரோல் ஸா கையேடுகள் ஒரு சடங்கைச் சொல்கின்றன. மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கையின் மூட்டில் தாராளமாக எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் மறுபக்கம் புரட்டி அதையே செய்ய வேண்டும். ஐம்பது மணி நேர வேலைக்கு ஒருமுறை. அந்த மூட்டுகளில் பல, பொடியை அழுத்திச் சுட்ட வெண்கலப் புஷ்கள்; கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்பவை. அதனால்தான் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிட்டுப் போனால் பயன் இல்லை. குடிக்க நேரம் வேண்டும். கைமாறி வந்த என் மெஷினுக்கு அந்த இரவு எத்தனை முறை வாய்த்ததோ.

உதிரிப் பாகம் வரவழைக்க ஆகும் செலவுக்கு மெஷினையே விற்றுவிடலாம் போலிருந்தது. மெக்கானிக் தெரிந்த லேத் பட்டறைக்குச் சொல்லி வெண்கலத்தில் புஷ் கடைந்து வரச் செய்தார். கச்சிதமாக இருந்தது. மாட்டி ஓட்டினோம். ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை அந்த மெஷினில் நான் கேட்டதே இல்லை. எனக்குப் பிரமாதமாகத் தோன்றியது. அவர் முகம் மாறவில்லை. ஐந்து நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, புஷ் இருந்த இடத்தில் விரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். சுட்டிருக்கிறது.

“ஆட்டமே இல்லாமப் பண்ணிட்டாங்க. இப்பிடி உட்டா ஒரு நாள் புடிச்சுக்குமுங்க.”

“அப்ப சத்தம் மறுபடி வருமேங்ண்ணா?”

“கொஞ்சம் வருமுங்க. வரட்டும்.”

அசைய வேண்டிய எதற்கும் அசைவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு இருந்தால் போதும், ஆனால் இருந்தாக வேண்டும். தேய்ந்த புஷ்ஷில் இருந்ததும் அதே இடைவெளிதான், வளர்ந்துபோனது. ஆக, நான் புதிது என்று நினைத்துப் பதறிய சத்தம் மெஷின் பிறந்தபோதே அதற்குள் இருந்தது, என் காதுக்கு எட்டாத அளவில். கோளாறு என்பதை வெளியிலிருந்து நுழைந்த ஒன்றாகவே நாம் கற்பனை செய்கிறோம். கண்டுபிடித்து எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று. இங்கே எடுத்துப் போட எதுவும் இல்லை. முழுக்க எடுத்தால் மெஷின் இறுகி நின்றுவிடும். எவ்வளவு இருக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி, அதற்குக் கையேட்டில் ஒரு பதிலும் மெக்கானிக்கின் விரலில் ஒரு பதிலும் இருக்கிறது.

ரீமரை உள்ளே விட்டு, ஒரு சுற்று, துடைத்துப் பார்த்து இன்னும் அரைச் சுற்று. எண்ணெயில் ஊறப் போட்டு மறுநாள் மாட்டினார். 900 ஸ்ட்ரோக்கில் உற்றுக் கேட்டால் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய ‘டிக்’ இருந்தது. வேகத்தைக் கூட்டினார், அது பெரிதாகவில்லை. மறுபடி விரலை வைத்துப் பார்த்தார், இந்த முறை எடுக்கவில்லை. இழுவிசையைப் பழைய அளவுக்குக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். லேத் பட்டறைக்காரருக்கு ஃபோன் போட்டு, அடுத்த புஷ்ஷை ரெண்டு பாயிண்ட் லூஸாகவே கடையச் சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த ஓவர்லாக் மெஷின்காரரிடம் திரும்பினார்.

“சொல்லுங்க. எப்ப இருந்துங்க?”